வீட்டுக்கு வயது ஏற்றிய தீர்மானம்

கல்லத்தியூரில் ஒரு வீட்டுக்கு எத்தனை வயது என்பதை நகராட்சிக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வார்கள். தீர்மானம் நிறைவேறியதும் வீடு அந்த வயதுக்கு ஏற்றாற்போல் நடந்துகொள்ளும்.

பழைய வீடுகளைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. நூறு வயதான வீட்டுக்குச் சொத்து வரியில் பாதி தள்ளுபடி, இருநூறு என்றால் முக்கால், முந்நூறு என்றால் வரியே கிடையாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, ஊரில் அப்படி ஒரு வீடுகூட இல்லை. இருந்த நாலைந்தையும் அதற்கு முந்தின வருஷம்தான் இடித்து வணிக வளாகம் கட்டியிருந்தார்கள். சலுகை வந்துவிட்டது, வாங்கிக்கொள்ள வீடு இல்லை. வந்த சலுகையைத் திருப்பி அனுப்புவது ஊருக்கு அவமானம் என்று கருதிய மன்றம், இருக்கிற வீடுகளுக்கு வயதைக் கூட்டுவதென்று ஒருமனதாக முடிவெடுத்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வழக்கம்போல வெளிநடப்புச் செய்தார்கள். தங்கள் வீடுகளின் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் வெளியே நடந்தார்கள்.

திலகராணியின் வீடு புதுத்தெருவில் இருந்தது. இப்போது ஊரிலேயே பழைய வீடுகள் அதிகம் இருப்பது புதுத்தெருவில்தான். அவள் கணவர் அருணகிரி மஸ்கட்டில் இருபது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பிவந்து கட்டிய வீடு. அந்தத் தெருவில் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை முதலில் வந்தது அவர்கள் வீட்டில்தான். அதன் சுவருக்கு மயில்நீலத்தில் ஓடு வேண்டுமென்று அவர் டவுனுக்கு மூன்று தடவை போய் வந்தார். விருந்தாளி யார் வந்தாலும் காப்பி கொடுப்பதற்கு முன்னால் குளியலறையைக் காட்டுவார். திலகராணிக்கு அந்த வீட்டில் பிடித்தது சமையலறையை ஒட்டிய சின்ன அறை. அங்கே இரண்டு கிரைண்டர் போட்டு, தோசை மாவு அரைத்து, நாலு டீக்கடைகளுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவந்தாள்.

அருணகிரி நல்ல மனிதர். வரி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் பாதி தோசையோடு எழுந்துவிடுவார்.

"பாதி தள்ளுபடி திலகா. அண்ணாச்சிகிட்ட சொல்லியாச்சு. வர்ற கூட்டத்துல நம்ம வீட்டுக்கு நூறு" என்றார் ஒரு நாள்.

அண்ணாச்சி என்றது ஐகோர்ட் துரையை. அந்த வார்டின் கவுன்சிலர் செல்வரதி. ஐகோர்ட் துரை அவளுடைய கணவர். கூட்டங்களில் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தேவைப்படும் இடங்களில் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது அவர் பொறுப்பு. அதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்று ஊரில் நல்ல பெயர் இருந்தது.

தீர்மானம் நிறைவேறிய மறுநாள் காலையில் திலகராணி கிரைண்டர் சுவிட்சைப் போடப் போனாள். சுவிட்ச் இல்லை. சுவிட்ச் இருந்த சுவரில் சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லத்தியூருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. மின்விசிறி, குழாய், தரையில் பதித்த கல், எல்லாம் போயிருந்தன. கொல்லையில் ஒரு கிணறும், சமையலறை மூலையில் ஓர் ஆட்டுரலும் வந்திருந்தன. சுவரோடு ஒட்டியது போகும், ஒட்டாதது நிற்கும் என்பது விதி. அதனால் கிரைண்டர்கள் நின்ற இடத்தில் நின்றன. குளிர்சாதனப் பெட்டியும் நின்றது. திலகராணி அதில் புளி போட்டு வைத்தாள்.

அருணகிரி குளியலறை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அங்கே ஒரு பசு கட்டியிருந்தது. பிறகு செம்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். வழியில் புதுத்தெருக்காரர்கள் பலரும் செம்போடு போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் பாதி வரி மிச்சமான களை இருந்தது.

திலகராணி நகராட்சி ஆணையரைப் போய்ப் பார்த்தாள். அவருடைய அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகக் கட்டடத்துக்கு யாரும் வயது ஏற்றவில்லை.

"சார், மாவு அரைச்சுப் பொழைக்கவ நான். வயசைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. கரண்ட் வந்த வருஷம் வரைக்கும் குறைச்சாப் போதும்."

"குறைக்க முடியாதும்மா" என்றார் ஆணையர் அன்பாக. "வயசு கூடத்தான் செய்யும். குறையாது. இது இயற்கை. நகராட்சி இயற்கைக்கு விரோதமா எதுவும் செய்யாது."

அவள் வீடு திரும்பி ஆட்டுரலின் முன் உட்கார்ந்தாள். சாயங்காலம் தோள் இரண்டும் கழன்று விழும்போல இருந்தது. நாலு டீக்கடையில் மூன்று வேறு இடம் பார்த்துக்கொண்டன.

அருணகிரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் வருத்தப்படுகிற மனிதன் கணக்குப் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

"போனது போச்சு" என்றார். "கரண்ட் போச்சு, பாத்ரூம் போச்சு. இனிப் போக என்ன இருக்கு? இருநூறு ஆக்கிட்டா முக்கால்வாசி தள்ளுபடி. சும்மா கிடைக்கதை ஏன் விடணும்?"

அடுத்த கூட்டத்தில் வீட்டுக்கு இருநூறு வயதானது.

மறுநாள் காலையில் திலகராணி சமையலறைக்குள் போனபோது, அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். காதில் தண்டட்டி. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். இருநூறு வருஷமாக யாருமே குடியிருக்காத வீடு என்றால் அது பாழடைந்த வீடு; பாழடைந்த வீட்டுக்குச் சலுகை கிடையாது. ஆகவே அவள் இருந்தாள்.

"வாசல் தெளிச்சாச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள் திலகராணி.

"இன்னும் இல்லையா? வெயில் முதுகுல ஏறப்போவுது. ஏளா, நீ எந்த ஊர்க்காரி?"

அவள் பெயர் ஆவுடையம்மை. அந்த வீடு அவளுடையது. மாமனார் கட்டியது. புருஷன் கொப்பரைத் தேங்காய் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் போயிருந்தான், இன்னும் வரவில்லை. திலகராணி தன் வீட்டைப் பற்றியும் சொன்னாள். ஒரே வீடு இரண்டு பேருக்கும் சொந்தமாக இருப்பதை இருவரும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்து, அதற்குள் சோறு குழைந்துவிடும் என்பதால் வேலையைப் பார்த்தார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. ஆளைப் பார்த்தால் ஆவுடையம்மை பத்துப் பதினைந்து வயது இளையவள். பிறந்த வருஷத்தைப் பார்த்தால் கொள்ளுப்பாட்டிக்கும் மேலே. இரண்டுக்கும் நடுவில் மதினி என்று வைத்துக்கொள்ளலாமென்று திலகராணி முடிவுசெய்தாள்.

முதல் சில நாட்கள் அவளுக்கு ஆவுடையம்மையைக் கண்டால் ஆகவில்லை. தன் சமையலறையில் தன்னையே உப்பு அதிகம் என்று சொல்ல ஒருத்தி. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினால் கேள்வி, பசுவுக்கு வைக்காவிட்டால் கேள்வி. அருணகிரியை அவள் நேராகப் பார்க்கவே மாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உங்க வீட்டுல அவிய ஏன் ஒரு வேலைக்கும் போகாம மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காவ?" என்று திலகராணியிடம் கேட்பாள். அவர் மின்விசிறி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் திலகராணி சொல்லவில்லை.

ஆனால் ஆவுடையம்மைக்கு ஆட்டுரல் என்றால் தண்ணீர் பட்ட பாடு. இடது கையால் தள்ளிக்கொடுத்து வலது கையால் குழவியைச் சுற்றினால், அது தானே சுற்றுவதுபோல இருக்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கை மாற்றி மாற்றி அரைத்தார்கள். அந்த மாவில் சுட்ட தோசையைத் தின்றுபார்த்து, விலகிப்போன மூவரில் ஒரு டீக்கடைக்காரர் மறுநாள் தூக்குவாளியோடு தானே வந்தார். பிறகு மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். பிறகு பைபாஸ் ரோட்டு ஹோட்டல்காரரே வந்து வாசலில் நின்றார்.

அரைக்கும்போது பேசிக்கொள்வார்கள். மஸ்கட்டுக்குப் போன புருஷனுக்காக இருபது வருஷம் காத்திருந்ததைத் திலகராணி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, தெருவில் பாதிப் பேர் அப்படிக் காத்திருந்தவர்கள். ஆவுடையம்மை மட்டும் குழவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"காயிதம் போடுவாவளா?"

"போன் பண்ணுவாவ. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"அப்போ உனக்கு வெள்ளிக்கிழமையாவது இருந்துச்சு" என்றாள் ஆவுடையம்மை. மறுபடி குழவியைச் சுற்றினாள்.

வரித் தள்ளுபடி பற்றியும் ஒரு நாள் பேச்சு வந்தது. திலகராணி விளக்கிச் சொல்ல, அவள் உளுந்தைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"கும்பினிக்காரனும் இப்படித்தான் வந்தான். மொதல்ல குறைக்கேன்னுதான் சொன்னான்" என்றாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் அருணகிரி மறுபடியும் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி வந்தாவ. முந்நூறுக்குப் போட்டுரலாமாம். முந்நூறுன்னா வரியே கிடையாது. ஒத்தப் பைசா கட்ட வேண்டாம்."

"முந்நூறுன்னா மதினி பொறந்திருக்க மாட்டாங்களே" என்றாள் திலகராணி.

அருணகிரி அதை யோசித்திருக்கவில்லை. யோசித்தார்.

"வேற யாராவது இருப்பாவ" என்றார்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அன்று ஆவுடையம்மை மாவு அரைக்க உட்காரவில்லை. கிணற்றடியில் போய் நின்றாள். திலகராணி பின்னாலேயே போனாள்.

"பொறக்காம இருக்கதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள் ஆவுடையம்மை. "ஆனா அவிய தோணியில வந்து எறங்கி, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுனா, தெறக்க ஆளிருக்காதே."

திலகராணி கணவரிடம் அழுதும் பார்த்தாள், பேசாமலிருந்தும் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அண்ணாச்சியிடம் சரியென்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றினால் மரியாதை என்னாகும் என்றார். செம்போடு வாய்க்காலுக்குப் போகும்போது அவர் அந்த மரியாதையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் திலகராணி கவுன்சிலரைப் பார்க்கப் போனாள். ஐகோர்ட் துரை தன் வீட்டுக்கு எண்ணூறு வயது வாங்கிவைத்திருந்தார். கவுன்சிலர் வீடு ஊரார் வீட்டைவிட இளையதாக இருப்பது முறையல்ல என்பது அவர் வாதம். எனவே அது பதினாறு கல்தூண் நிற்கும் மண்டபமாக இருந்தது. கதவில்லை, சுவரில்லை. மேலே வௌவால்கள் தொங்கின. செல்வரதி இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அதற்கு அந்தப்பக்கம் சமைத்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆடு சேலையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. வெளியூர் பக்தர்கள் இரண்டு பேர் உள்ளே வந்து, கற்பூரம் ஏற்றி, அடுப்பைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள் செல்வரதி. "இந்தத் தூணுகிட்ட வேண்டாம், மேல இருந்து விழும்."

திலகராணி விஷயத்தைச் சொன்னாள். செல்வரதி கேட்டுக்கொண்டே ஆட்டை விரட்டினாள். அது போய்விட்டு இன்னொரு ஆட்டோடு வந்தது.

"எங்கிட்ட யாரும் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல" என்றாள். "எல்லாரும் அவரைத்தான் பாப்பாங்க."

"கை உங்க கைதானக்கா?"

செல்வரதி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில், துரை வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில், தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. திலகராணி இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் கூட்டத்துக்குத் திலகராணி ஆவுடையம்மையையும் கூட்டிக்கொண்டு போனாள். பார்வையாளர் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அருணகிரி மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். திலகராணி ஆவுடையம்மையின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மாவு அரைத்து அரைத்துக் காய்ப்பேறிய கை. கனமாக, சூடாக இருந்தது.

தலைவர் ஒவ்வொரு வீடாகப் படித்தார். கைகள் எழுந்தன, இறங்கின. ஒரு வார்டு வீட்டுக்கு அந்த வார்டு உறுப்பினர் முதலில் கை தூக்க வேண்டும். அவர் தூக்காததை மற்றவர்கள் தொட மாட்டார்கள். மன்றத்தில் எல்லாக் கட்சியும் மதிக்கிற ஒரே ஒழுங்கு அது.

"புதுத்தெரு, அருணகிரி வீடு. முந்நூறு."

ஐகோர்ட் துரை குனிந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். கை வரவில்லை. செல்வரதி மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தாள். துரை சிரித்துக்கொண்டே கொஞ்சம் பலமாக இழுத்தார். மேசை நகர்ந்தது. தண்ணீர் பாட்டில் உருண்டது. கை மேசையை விட்டு ஒரு சாண் எழுந்தது.

திலகராணியின் மடியிலிருந்த கை லேசாயிற்று. அவள் குனிந்து பார்த்தாள். ஆவுடையம்மையின் விரல்களுக்குள் தன் சேலையின் சிவப்பு நிறம் தெரிந்தது.

"மதினி" என்றாள்.

"பசுவுக்குத் தண்ணி காட்டிரு" என்றாள் ஆவுடையம்மை மெதுவாக. குரலும் மெலிந்திருந்தது.

அப்போது அருணகிரி எழுந்து நின்றார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரிந்ததுபோல இல்லை. "அண்ணாச்சி, அந்தக் கையை விட்டுருங்க" என்றார்.

துரை திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் செல்வரதி கையை உருவி, கீழே இறக்கி, தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு கதவு வேணும்" என்றாள்.

மன்றத்தில் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால், யார் பேசியது என்று தலைவர் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தார்.

"என் வீட்டுக்கு ஒரு கதவு வேணும். அது வர்ற வரைக்கும் என் வார்டுல எந்த வீட்டுக்கும் வயசு ஏறாது."

ஆணையர் எழுந்து, எண்ணூறு வயது மண்டபத்தில் கதவு பொருத்துவது பாரம்பரியத்துக்குச் செய்கிற துரோகம் என்று விளக்கினார். செல்வரதி கேட்டுக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் பிரியாணி சொல்லியிருந்தார்கள். கதவு பற்றிப் பரிசீலிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அருணகிரி வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தார்கள்.

திலகராணியின் மடியில் கனம் திரும்பி வந்தது. ஆவுடையம்மை கையை விடுவித்துக்கொண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"இந்தச் சபைக்கு ஒரு மரத்தடி போதாதா? இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு?" என்று கேட்டாள்.

வீடு திரும்பும்போது அருணகிரி இரண்டு எட்டு முன்னால் நடந்தார். தெருமுனை வந்ததும் நின்று, ஆவுடையம்மையை நேராகப் பார்க்காமல், பக்கத்திலிருந்த மின்கம்பத்தைப் பார்த்துச் சொன்னார். "வேற யாராவது இருப்பாவன்னு சொன்னது தப்புதான்."

ஆவுடையம்மை திலகராணியின் பின்னாலிருந்து, "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்றாள்.

கார்த்திகை பிறந்ததும் அருணகிரி பைபாஸ் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சின்ன போர்ஷன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கட்டி நாலு வருஷம்தான் ஆன கட்டடம். முழு வரி, அதை வாடகையில் சேர்த்து வாங்கினார்கள். குளியலறைக்கு மட்டும்தான் அதைப் பிடித்தார். காலையில் போய்க் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே புதுத்தெருவுக்கு வருவார். மாவுக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டதால் வாசலில் உட்கார்ந்து அளந்து கொடுப்பது இப்போது அவர் வேலை. வரி முக்கால் தள்ளுபடியானதை வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். வாடகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு தெருவில் வந்தது. ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, கட்டிய நாள்முதல் விடுப்பே எடுக்காததால், சொந்த ஊருக்குப் போய்வர அனுமதி வழங்கப்பட்டிருப்பதாகவும், பொதுமக்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறும் அறிவித்தார்கள்.

திலகராணியும் ஆவுடையம்மையும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். புதுத்தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிற வீடு அவர்களுடையதுதான் என்பதால், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏற்கெனவே குடங்களை வரிசையில் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். தெருமுனையில் தொட்டி தன் நாலு தூண்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, உள்ளே இருக்கிற தண்ணீர் சிந்தாமல், நிதானமாகப் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போக்குவரத்துக் காவலர் லாரிகளை நிறுத்தி அதற்கு வழிவிட்டார்.

"எந்த ஊரு அதுக்கு?" என்று கேட்டாள் ஆவுடையம்மை.

"தூத்துக்குடிப் பக்கம்" என்றார் அருணகிரி, மாவை அளந்துகொண்டே. "கடலைப் பாத்து ரொம்ப நாளாச்சாம்."